ஐஸ்லாந்து ஏடுகளிற் பழந்தெய்வ ஓவியங்கள்

வட ஐரோப்பியரின் பழைய சமயத்தைப் பற்றிய நூல்கள் பலவற்றில் ஒரு சில ஓவியங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. எட்டுக் கால்களையுடைய குதிரைமேற் செல்லும் ஒடின். படகிலிருந்து பெரும் பாம்பைத் தூண்டிலால் இழுக்கும் தோர். உறைந்த பனியை நக்கித் தேவர்குலத்து மூதாதையை வெளிப்படுத்தும் ஆதிப் பசு. உலகங்களைத் தாங்கி நிற்கும் பெருமரம் என்பன அவற்றுட் சில. படத்தின் கீழே, பழைய ஐஸ்லாந்து ஏடொன்றிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு மாத்திரம் இருக்கும். அதனைக் காணும் மாணவன், அத்தெய்வங்களை வணங்கிய மக்களே அவற்றை அவ்வாறு எழுதிவைத்தனர் என்று கொள்வது இயல்பு. உண்மை அதுவன்று. அவ்வோவியங்கள் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் வரையப்பட்டவை. அவற்றை வரைந்தோர் கிறித்தவர். அவை அமைந்த ஏடுகளுள் ஒன்றை எழுதியவர் தேவாலயக் குரு. ஐஸ்லாந்து மக்கள் ஒடினையும் தோரையும் கைவிட்டு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னர் எழுந்த படங்கள் அவை.

ஆயின், அப்படங்கள் எதற்குச் சான்று? பழைய சமயத்துக்குச் சான்றாகா என்று தள்ளிவிடுவதா? அன்றி, வேறொன்றை அவை அறிவிக்கின்றனவா? வரலாறு கற்போர் எந்தச் சான்றை எடுத்தாளும்போதும் எழுப்ப வேண்டிய வினா இது. இதற்கு விடை காண, அக்கதைகள் சொல்லிலும் கல்லிலும் ஏட்டிலும் கடந்துவந்த வழியை முறையே நோக்குதல் வேண்டும்.

ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறத் தொடங்கியது கி. பி. 870ஆம் ஆண்டளவிலாகும். நோர்வேயிலிருந்து வந்தோரே அவர்களுட் பெரும்பாலார். 930ஆம் ஆண்டளவில் அவர்கள் அல்திங்கு என்னும் பொதுமன்றத்தை நிறுவினர். 1000ஆம் ஆண்டளவில் அம்மன்றத்திலேயே நாடு முழுவதும் கிறித்தவ சமயத்தைத் தழுவுவதென முடிவு செய்யப்பட்டது. திருச்சபையுடன் இலத்தீன் எழுத்தும், கன்றுத் தோலைப் பதப்படுத்தி ஏடாக்கும் முறையும் அத்தீவுக்கு வந்தன. எனவே, பழைய தெய்வங்களின் கதைகளை அங்கு நூலாக எழுதியோர் அனைவரும் அத்தெய்வங்களை வணங்காதவரே. இவ்வுண்மையை மறவாதிருத்தல் இத்துறைக்கு அடிப்படையாகும்.

அந்நூல்களுள் தலைசிறந்தது ஸ்னோரி ஸ்துர்லுசொன் என்பவர் இயற்றிய 'எட்டா'. ஸ்னோரி 1179இற் பிறந்தவர். செல்வரும் அரசியலாளரும் புலவருமாக விளங்கியவர். 1241இல் ரெய்க்கோல்ட் என்னும் தம் இல்லத்திலேயே பகைவராற் கொல்லப்பட்டவர். 1220ஆம் ஆண்டையொட்டி அவர் இந்நூலை எழுதினார் என்பர். இது சமய நூலன்று. செய்யுள் இலக்கணம் கூறும் நூலாகும். அந்நாட்டு அவைப்புலவர் ஒரு பொருளை நேரே பெயர் சொல்லாது, கதையொன்றைக் குறிப்பாக உணர்த்தும் தொடராற் சுட்டுவர். பொன்னைச் 'சிபின் கூந்தல்' என்பர். கவிதையை 'ஒடினின் மது' என்பர். தோரின் மனைவியாகிய சிபின் கூந்தலை லோக்கி அறுத்த கதையையும், அதற்கு ஈடாகக் குள்ளர் பொன்னாற் கூந்தல் செய்தளித்த கதையையும் அறியாதவன் முதல் தொடரின் பொருளை உணரான். கிறித்தவம் பரவிய நாட்டில் இளம் புலவர் இக்கதைகளை மறந்தால் முன்னோர் கவிதையே விளங்காமற் போய்விடும் என்று ஸ்னோரி அஞ்சினார். ஆதலால் கதைகளைத் தொகுத்துரைத்தார். கிறித்தவர் அவற்றை மெய்யென நம்புதல் கூடாது என்ற எச்சரிக்கையையும் உடன் வைத்தார்.

ஸ்னோரிக்கு முன்னரே இக்கதைகளுக்கு ஓவியமும் சிற்பமும் இருந்தன என்பது பலர் அறியாதது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிராகி என்னும் புலவர், தமக்குப் பரிசாகக் கிடைத்த கேடயத்தில் தீட்டியிருந்த காட்சிகளைப் பாடினார். 'ராக்னர்ஸ்திராபா' என்பது அப்பாடலின் பெயர். அதன்பின் தியோதோல்வ் என்பவரும் மற்றொரு கேடயத்தின் ஓவியங்களை 'ஹவுஸ்தலோங்' என்னும் பாட்டில் அமைத்தார். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேற்கு ஐஸ்லாந்தின் ஹியார்தர்ஹோல்ட் என்னுமிடத்தில் ஓலாவ் என்ற பெருநிலக்கிழார் கட்டிய மண்டபத்தின் சுவரிலும் கூரையிலும் தெய்வக் கதைகள் செதுக்கப்பட்டிருந்தன. அவர் மகளின் திருமண விருந்தின்போது உல்வ் என்னும் புலவர் அச்சிற்பங்களைக் கண்டு பாடியதே 'ஹூஸ்திராபா' ஆகும். கேடயங்கள் அழிந்தன, மண்டபமும் அழிந்தது. அவற்றைக் கண்டு பாடிய செய்யுட்களின் பகுதிகள் மாத்திரம் எஞ்சின. அவற்றுட் பலவற்றை மேற்கோளாக எடுத்தாண்டு பேணியவரும் ஸ்னோரியே. ஓவியம் பாட்டாகி, பாட்டு உரைநடையாகிய வரலாறு இவ்வாறு அமைந்தது.

இவ்வழியைத் தெளிவாகக் காட்டுவதற்குத் தோர் தூண்டிலிட்ட கதையே போதும். தோர் ஹிமிர் என்னும் இராட்சதனுடன் கடலிற் படகோட்டிச் சென்றான். எருதின் தலையை இரையாகக் கோத்து ஆழத்தில் எறிந்தான். உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு அதனைக் கவ்வியது. தோர் முழுவலியோடும் இழுத்தபோது அவன் பாதங்கள் படகின் அடித்தளத்தைப் பிளந்து கடலின் தரையில் ஊன்றின. அவன் சம்மட்டியை ஓங்கிய வேளையில், அஞ்சிய ஹிமிர் தூண்டிற்கயிற்றை அறுத்துவிட்டான். ஸ்னோரி கூறும் கதை இது. பிராகி பாடிய கேடயத்தில் இக்காட்சி இருந்தது. ஹியார்தர்ஹோல்ட் மண்டபத்திலும் இருந்தது. இங்கிலாந்தின் கம்பிரியாவிலுள்ள கொஸ்போத் தேவாலயத்தில், 10ஆம் நூற்றாண்டினதாகிய கல்லொன்றில், படகில் இருவர் அமர்ந்து மீன்பிடிக்கும் காட்சி இன்றும் உள்ளது. சுவீடனின் உப்லாந்து மாகாணத்தில் அல்துனா என்னுமிடத்து நிற்கும் 11ஆம் நூற்றாண்டுக் கல்லில், ஒருகையிற் சம்மட்டியும் மறுகையிற் கயிறுமாகத் தோர் தோன்றுகிறான். அவனுடைய பாதம் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்பதையும் அக்கல்லிற் காணலாம். ஸ்னோரி எழுதுவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட இக்கல், அக்குறிப்பை அவர் தாமே புனையவில்லை என்பதை நிறுவுகிறது. பழைய சமயத்துக்குச் சான்றாக நிற்கத்தக்க படம் இத்தகையதே.

இக்கதைகள் தோலேட்டில் எழுதப்பட்ட காலத்திலோ நிலைமை வேறாயிற்று. தெய்வப் பாடல்கள் பலவற்றுக்கு ஆதாரமாக விளங்குவது 'அரச ஏடு' என வழங்கும் கையெழுத்துப் பிரதி. 1270ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட அதில் இன்று 45 இதழ்கள் எஞ்சியுள்ளன. இடையில் எட்டு இதழ்கள் கொண்ட ஒரு கட்டு காணாமற்போயிற்று. ஒடினும் தோரும் பேசும் அவ்வேட்டில் அவர்களின் உருவம் ஒன்றேனும் இல்லை. பாடல்களின் முதலெழுத்துக்கள் சற்றுப் பெரிதாக எழுதப்பட்டிருப்பதே அதன் அணி.

ஐஸ்லாந்தில் ஏட்டோவியக் கலை இல்லாமையால் இவ்வாறாயிற்று என்று கூற முடியாது. 1363இல் எழுதப்பட்ட ஸ்கார்ட்ஸ்போக் என்னும் சட்ட ஏடு அழகிய ஓவிய எழுத்துக்களை உடையது. 1387ஆம் ஆண்டு தொடங்கி எழுதப்பட்ட பிலாத்தேயார்போக் என்னும் பேரேட்டில், மக்னுஸ் தோர்ஹால்சொன் என்னும் குரு நோர்வே அரசரின் வரலாற்றுக் காட்சிகளை முதலெழுத்துக்களுள் வண்ணந்தீட்டினார். கட்டுண்ட தோவ்ரி என்னும் இராட்சதனை அரசன் ஹரால்ட் விடுவிக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. சட்டத்துக்கும் அரசர் வரலாற்றுக்கும் திருமறைக்கும் ஓவியம் உண்டு. தெய்வக் கதைக்கு இல்லை. இதற்குக் காரணம் பல இருத்தல் கூடும். ஓவியமுடைய ஏடு பெருஞ்செலவில் ஆவது; தேவாலயமும் செல்வரும் வேண்டியவற்றுக்கே அச்செலவு செய்யப்பட்டது. 'எட்டா'வோ புலவர் கைக்கொண்ட பாடநூல். அன்றியும், ஒரு கதையை எழுதுவது வேறு. வணக்கத்துக்குரியதாயிருந்த உருவத்தைக் கண்முன் நிறுத்துவது வேறு. படிமம் வழிபாட்டை நினைவூட்டும் என்பதை இடைக்காலக் கிறித்தவர் நன்கறிவர்.

இதற்கு ஒரு சிறப்பான புறனடை உண்டு. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள 'எட்டா'ப் பிரதி 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டது. நூலின் பெயர் 'எட்டா' என்பதையும், அதனைத் தொகுத்தவர் ஸ்னோரி என்பதையும் வெளிப்படக் கூறும் பழம் பிரதி அதுவே. அதில் ஒரு கோட்டோவியம் உள்ளது. சுவீடனை ஆண்ட கில்பி என்னும் அரசன், கங்லெரி என்ற பொய்ப்பெயருடன் மாறுவேடம் பூண்டு தேவரின் மண்டபத்தை அடைந்து, அங்குள்ள மூவரிடம் உலகின் தோற்றம் முதலாக முடிவு ஈறாக வினவுகிறான் என்பது ஸ்னோரியின் நூலுக்கு அமைந்த கதைச்சட்டகம். உயர்ந்தோன், ஒப்ப உயர்ந்தோன், மூன்றாமவன் என்பன அம்மூவரின் பெயர்கள். இம்மூன்றும் ஒடினுக்கே உரிய பெயர்கள் என்பதையும் அறிதல் வேண்டும். ஓவியத்தில் மூவரும் முடிசூடி, ஒருவர்மேல் ஒருவராக அமைந்த ஆசனங்களில் வீற்றிருக்கின்றனர். கில்பி அவர்கள்முன் நிற்கிறான்.

இவ்வோவியம் எதனைத் தெரிந்தெடுத்தது என்பது ஆராயத்தக்கது. போரோ பாம்போ உலக முடிவோ அதில் இல்லை. வினவுவோனும் விடை கூறுவோருமே உள்ளனர். தேவர், அக்கால ஐரோப்பிய மன்னரைப் போன்றே தோன்றுகின்றனர். தெய்வங்கள் என வணங்கப்பட்டோர் பண்டை அரசரே என்பதும், அறியாமையால் மக்கள் அவரைத் தெய்வமாக்கினர் என்பதும் ஸ்னோரியின் முன்னுரை கூறும் கொள்கை. அக்கொள்கையின் வழியே நின்று படம் எழுதப்பட்டுள்ளது. ஆகவே இடைக்காலத்து ஓவியனும் பழைய சமயத்தை வரையவில்லை. ஸ்னோரியின் நூலை, தன் காலத்தவர் உணர்ந்தவாறே வரைந்தான்.

1380ஆம் ஆண்டு முதல் ஐஸ்லாந்து டென்மார்க் அரசர் ஆட்சியின் கீழ் வந்தது. 1550ஆம் ஆண்டளவில் லூதரின் சீர்திருத்தத் திருச்சபை அங்கு நிலைபெற்றது. 17ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கும் சுவீடனும் வடபுலத் தலைமைக்குப் போட்டியிட்டன. தத்தம் பழம்பெருமையை நிறுவுதற்கு இரு நாட்டு அறிஞரும் ஐஸ்லாந்து ஏடுகளைத் தேடினர். ஸ்கால்ஹோல்ட் நகரின் ஆயர் பிரின்யோல்வர் ஸ்வேன்சொன் அத்தேட்டத்திற் பெரும் பங்கு கொண்டவர். உப்சாலாப் பிரதியை அவர் 1639இல் டேனிய அறிஞர் ஸ்டெபானியுஸுக்கு அளித்தார். அவ்வறிஞர் இறந்தபின் அது சுவீடனின் பிரபு தெ லா கார்டியின் கைக்குச் சென்று, அவரால் 1669இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. மேலே கூறிய அரச ஏடு 1643இல் ஆயரிடம் வந்தது. 1662இல் அவர் அதனை அரசன் மூன்றாம் பிரெடெரிக்குக்கு அனுப்பினார். 1665இல் ரேசன் என்னும் அறிஞர் ஸ்னோரியின் நூலைக் கோப்பன்ஹேகனில் முதன்முதல் அச்சிட்டார். அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது, லவுவாஸ் என்னுமூர்க் குருவாகிய மக்னுஸ் ஓலாவ்சொன் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்னோரியின் கதைகளைத் தனித்தனியே பிரித்து ஒழுங்குபடுத்திய பிரதியாகும்.

நூல் அச்சேறியபின் கையால் எழுதும் வழக்கம் ஒழிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஐஸ்லாந்தில் அவ்வாறு நிகழவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே அச்சுக்கூடம் அத்தீவுக்கு வந்து, 1584இல் விவிலியம் முழுவதும் அந்நாட்டு மொழியில் அச்சாகிவிட்டது. ஆயினும் அச்சுக்கூடம் திருச்சபையின் வசமே நெடுங்காலம் இருந்தமையால் சமய நூல்களே பெரும்பாலும் வெளிவந்தன. கதைகளையும் பழம்பாடல்களையும் விரும்பியோர் தாமே காகிதத்திற் படியெடுத்துக்கொண்டனர். குளிர்கால இரவுகளிற் புற்பற்றைகளால் ஆகிய வீட்டினுள் குடும்பத்தார் கம்பளி வேலை செய்திருக்க, ஒருவர் ஏட்டை எடுத்து உரக்க வாசிப்பது வழக்கம். இவ்வழக்கமும் படியெடுக்கும் பழக்கமும் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தன. பழந்தெய்வ ஓவியங்கள் பிறந்தது இவ்வாறு எழுதப்பட்ட காகித ஏடுகளிலேயாம்.

அவற்றுட் காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று 1680இல் எழுதப்பட்ட ஏ. எம். 738 என்னும் ஏடு. அகலம் குறுகி நீளம் மிகுந்திருத்தலால் 'நெடிய எட்டா' என்னும் பெயரும் அதற்கு உண்டு. அதன் 23 பக்கங்களில் தெய்வக் கதை ஓவியங்கள் அமைந்துள்ளன. ஒரு பக்கத்தில் இக்டிரசில் என்னும் உலகமரம் நிற்கிறது. உச்சியிற் கழுகு, அடிவேரைக் கறிக்கும் நிதோக் என்னும் நாகம், இரண்டிற்குமிடையே பகைச்சொற்களைச் சுமந்து ஓடும் அணில், தளிர்களை மேயும் மான்கள் எல்லாம் அம்மரத்திற் காட்டப்பட்டுள்ளன. இன்னொரு பக்கத்தில் பென்ரிர் என்னும் ஓநாய் கட்டுண்டு கிடக்கிறது. அதன் வாயிலிருந்து வான் என்னும் ஆறு பெருகுகிறது. வேறொரு பக்கத்தில், போரில் இறந்த வீரர் வாழும் வல்ஹல்லா என்னும் மாளிகையும், அதன்மேல் நின்று மரத்தழையை மேயும் ஹெய்த்ரூன் என்னும் ஆடும் காணப்படுகின்றன.

இவ்வல்ஹல்லாப் படம் ஓவியன் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை நன்கு புலப்படுத்தும். அம்மாளிகைக்கு 540 வாயில்கள் என்றும், ஒவ்வொரு வாயிலினின்றும் 800 வீரர் ஒருங்கே வெளிவருவர் என்றும் பழம்பாடல் கூறுகிறது. புலவனுக்கு அவ்வெண்ணைச் சொல்வதில் இடரில்லை. குறுகிய காகிதத்தில் அதனை எழுதுவது எங்ஙனம்? ஓவியன் உயர்ந்த கட்டடமொன்றை வரைந்து, வாயிலால் அதன் பெருமையைக் குறிப்பிட்டு, கூரைமேல் ஆட்டை நிறுத்தினான். ஆட்டைக் கண்டவர் அது வல்ஹல்லா என அறிவர். சொல் பெருக்கிக் கூறியதைப் படம் அடையாளத்தால் அறிவிக்கிறது. கதையை முன்னரே அறிந்த வாசகர் இருந்தனர் என்பதற்கும் இதுவே சான்றாகும்.

18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐஸ்லாந்தில் இரு சிறந்த ஓவிய ஏடுகள் தோன்றின. ஒன்று, ஓலாபுர் பிரின்யூல்ப்சொன் என்னும் குரு 1760இல் எழுதியது. கோப்பன்ஹேகன் அரச நூலகத்தில் புதிய அரச சேகரம் 1867 என்னும் எண்ணுடன் இருப்பது. மற்றொன்று, யாக்கோப் சிகுர்ட்சொன் என்பவர் 1765, 1766ஆம் ஆண்டுகளில் எழுதிய 'மெல்ஸ்தெட் எட்டா'. ஒவ்வொன்றிலும் 16 படங்கள் உள்ளன. இருவர் படங்களும் ஒரே மரபைச் சேர்ந்தவை என்பது ஒப்புநோக்குவார்க்கு எளிதிற் புலனாகும். யாக்கோப் செல்வரல்லர், பிறர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து உழைத்த ஏழை விவசாயி. ஆயினும் அவர் பாட்டியற்றுவார், படியெடுப்பார், படமும் எழுதுவார். 1779இல் அவர் இறந்தார்.

யாக்கோப்பின் ஏட்டில் தோர் மீண்டும் படகேறுகிறான். எருத்துத் தலை தூண்டிலிற் கோக்கப்பட்டுள்ளது; பாம்பு கடலிலிருந்து எழுகிறது; ஹிமிரும் உடனிருக்கிறான். ஒடின் எட்டுக் காலுடைய சிலெய்ப்னிர் என்னும் குதிரைமேற் செல்கிறான். இன்னொரு படத்தில் ஹூகின், மூனின் என்னும் இரு காகங்களும் அவனிடம் செய்தி கொணர்கின்றன. ஹைம்டால் தன் பெரிய ஊதுகொம்புடன் நிற்கிறான். லோக்கி மீன்வலையைக் கையில் ஏந்தியிருக்கிறான். குருவின் ஏட்டில், இறந்த பால்டரை மீட்பதற்காக ஹெர்மோத் சிலெய்ப்னிர்மேல் இவர்ந்து பாதாளம் சேரும் காட்சி இடம்பெற்றுள்ளது. உருவங்கள் எளிய கோடுகளால் ஆனவை. உடல் அளவு பொருந்தாத இடங்களும் உண்டு. முழங்காற் சட்டையும் மேலங்கியும் தொப்பியுமாகத் தேவர் தோன்றுவதைக் காண்போர், ஓவியர் தம் காலத்து உடையையே தேவருக்கு அணிவித்தனர் என்பதை உணர்வர்.

இங்குதான் முன்னெழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. சுவீடனின் கொத்லாந்துத் தீவில் தியெங்விதே என்னுமிடத்துக் கிடைத்த கல்லிலும் எட்டுக் காலுடைய குதிரை செதுக்கப்பட்டுள்ளது. அக்கல் 8ஆம் அல்லது 9ஆம் நூற்றாண்டினது. யாக்கோப் வரைந்த குதிரையையும் அதனையும் அருகருகே வைத்துப் பார்ப்போர், ஒரே ஓவியமரபு இடையறாது தொடர்ந்தது எனக் கருதக்கூடும். அவ்வாறு கருதுவதற்கு ஆதாரமில்லை. கொத்லாந்துக் கல்லைக் கிழக்கு ஐஸ்லாந்தின் விவசாயி கண்டிருத்தல் இயலாது. இரண்டையும் இணைத்தது சொல். கல்லிற் செதுக்கியவன் தான் கேட்ட கதையைச் செதுக்கினான்; யாக்கோப் தாம் வாசித்த நூலை வரைந்தார். இடைப்பட்ட நெடுங்காலம் முழுவதும் அக்குதிரையின் எட்டுக் கால்களையும் காத்து நின்றது சொல்லும் எழுத்துமே.

எனவே, இவ்வேடுகளைக் கையாள்வோர் இருவகைப் பிழைகளுக்கு இடந்தரலாகாது. பழைய சமயத்தார் தம் தெய்வங்களை இவ்வுருவிற் கண்டனர் என்று இப்படங்களைக் காட்டுவது ஒரு பிழை. அதற்கு அல்துனாக் கல்லையும் கொஸ்போத் கல்லையும் நாடுதல் வேண்டும். பிற்காலத்தன, திருத்தமற்றன, ஆகலின் பயனற்றன என்று இவற்றை ஒதுக்குவது மற்றைய பிழை. மூலபாடத்தைத் திருத்தமாகப் பதிப்பிக்க முயன்ற அறிஞர் பலர் நெடுங்காலம் இவ்வேடுகளைப் பொருட்படுத்தாது விட்டனர். பாடத்தைத் துணிவதற்குப் பிற்காலப் பிரதி உதவாதென்பது அவர்தம் கருத்து. அக்கருத்தும் எக்காலத்தும் பொருந்துவதன்று. ஒல்லாந்தின் உத்ரெக்ட் நகரிலுள்ள 'எட்டா'ப் பிரதி 1600ஆம் ஆண்டையொட்டிக் காகிதத்தில் எழுதப்பட்டதாயினும், அழிந்துபோன 13ஆம் நூற்றாண்டு ஏடொன்றின் படியாதலால் முதன்மைப் பிரதிகள் நான்கனுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. காலத்தாற் பிந்தியதென்பதனால் ஒரு பிரதி தாழ்ந்ததாகிவிடாது. அது எதற்குச் சான்று என்பதே நோக்கற்பாலது.

ஓவிய ஏடுகள் வாசித்தவருக்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகள் தத்தம் பழமையைப் போற்றும் இயக்கங்கள் எழுந்தபின்னரே வடநாட்டுத் தெய்வக் கதைகள் மக்களிடையே புத்துயிர் பெற்றன என்று சொல்லப்படுவதுண்டு. தலைநகரங்களின் ஓவியக்கூடங்களையும் இசையரங்குகளையும் பொறுத்தவரை அது மெய்யாகலாம். ஐஸ்லாந்தின் குடியானவர் வீட்டுக்கு அது பொருந்தாது. அவ்வியக்கங்களுக்கு முன்னரே, யாருடைய தூண்டுதலுமின்றி, வார விவசாயி ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் ஒடினையும் தோரையும் வரைந்திருக்கிறார். லூதர் சபைக் குரு ஒருவர் அக்கதைகளை ஏட்டில் ஏற்றியிருக்கிறார். அவர்கள் அத்தெய்வங்களை நம்பினரல்லர். ஆயினும் அக்கதைகளைத் தம் உடைமையாகக் கருதினர். வழிபாடு ஒழிந்தபின்னும் ஒரு மக்களின் நினைவில் கதை எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிய விரும்பும் வரலாற்றாசிரியனுக்கு இதனினும் நேரிய சான்று அரிது.

இவ்வேடுகள் இன்று எஞ்சியிருப்பதும் எளிதின் நிகழ்ந்ததன்று. ஐஸ்லாந்து ஏடுகளை வாழ்நாள் முழுவதும் தேடித் தொகுத்த ஆர்னி மக்னுசொன் 1663இற் பிறந்தவர். ஏ. எம். என்னும் எழுத்துக்கள் அவர் பெயரைக் குறிப்பன. 1728இற் கோப்பன்ஹேகனை அழித்த பெருந்தீ அவருடைய நூலகத்தையும் பற்றியது. அச்சு நூல்கள் பெரும்பாலும் எரிந்துபோக, கையெழுத்து ஏடுகளுட் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது. 1730இல் அவர் இறந்தார். ஐஸ்லாந்து 1944இற் குடியரசாகியபின், அவ்வேடுகளைத் திருப்பித் தரல் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. 1971ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் அரச ஏடும் பிலாத்தேயார்போக்கும் கப்பலில் ரெய்க்கியாவிக் துறைமுகத்தை அடைந்தபோது மக்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றனர். ஏடுகளைத் திருப்பியளிக்கும் பணி 1997இல் முற்றுப்பெற்றது.

யாக்கோப்பின் ஏடு வேறொரு வழியில் அலைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வறுமையாலும் எரிமலைச் சீற்றத்தாலும் ஐஸ்லாந்து மக்கள் பலர் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வாறு சென்ற குடும்பமொன்று அவ்வேட்டையும் உடன் கொண்டுபோய்க் கனடாவிற் பேணிற்று. 2000ஆம் ஆண்டில் அது ஐஸ்லாந்துக்கு நன்கொடையாகத் திரும்பி வந்தது. புதுநாட்டில் வாழப் புறப்பட்டோர் பழங்கதை ஏட்டையும் சுமந்து சென்றமையே, அது அவர்களுக்கு என்ன பொருளாயிருந்தது என்பதைக் காட்டும். அண்மைக் காலத்தில் இவ்வோவிய ஏடுகள் மின்னுருவிலும் பதிவாகியுள்ளமையால் தொலைநாட்டு மாணவரும் அவற்றின் பக்கங்களைக் காண வாய்ப்பு ஏற்பட்டிருக்கிறது.

வாய்ப்புப் பெருகும்போது பொறுப்பும் பெருகும். ஏட்டிலிருந்து பிரித்தெடுத்த படம், தன் காலத்தையும் வரைந்தவனையும் இழந்து, எல்லாக் காலத்துக்கும் உரியதுபோல் உலவத் தொடங்கும். அதனை எடுத்தாள்வோர் எந்த ஏடு, எந்த ஆண்டு, எந்த நூலைத் தழுவியது என்னும் மூன்றையும் உடன் கூறல் வேண்டும். அவ்வாறு கூறும்போது படத்தின் மதிப்புக் குறைவதில்லை. கேடயத்தில் தோர் ஒரு புலவன் பெற்ற பரிசின் அணி. அல்துனாவில் அவன் இறந்தோருக்கு எடுத்த கல்லில் நிற்கும் காவலன். ஸ்னோரியிடம் அவன் செய்யுட்பொருள். கிழக்கு ஐஸ்லாந்து விவசாயியின் ஏட்டிலோ, கடலையும் தூண்டிலையும் நன்கறிந்த மக்கள் தம்முள் ஒருவனாகக் கண்ட மீனவன். நான்கும் வெவ்வேறு காலத்துத் தோர். அவற்றைப் பிரித்தறிந்த பின்னரே, அவற்றினூடே மாறாது நின்ற கதையின் வலிமையை ஒருவன் உள்ளவாறு உணர முடியும்.